பொருள் வாங்கித் தானம் செய்வதா, நேரடியாகக் கொடுப்பதா?

"எப்படியும் வாங்கப் போகும் பொருள்தானே, அதில் ஒரு பங்கு தொண்டு நிறுவனத்துக்குப் போனால் நேரடியாகக் கொடுப்பதைவிட மேல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படியும் வாங்குவதென்றால் சரி. ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

அமேசான் 2013-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'அமேசான்ஸ்மைல்' திட்டத்தில், தகுதியுள்ள பொருள்களின் விலையில் 0.5 சதவீதம் வாங்குபவர் தேர்ந்தெடுத்த அமைப்புக்குப் போனது. 1,000 டாலருக்கு வாங்கினால் 5 டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி! பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்குப் பணம் சிதறுவதால் பயன் குறைவு என்று சொல்லி, 2023 பிப்ரவரியில் அமேசானே திட்டத்தை மூடிவிட்டது. கணக்கில் கொடையாளியும் அமேசான்தான். வாங்கியவருக்கு வரிச்சலுகை கிடையாது.

பிரிட்டனில் வருமான வரி செலுத்துபவர் 'கிஃப்ட் எய்ட்' முறையில் நேரடியாக ஒரு பவுண்டு கொடுத்தால், அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் (கால் பவுண்டு) அமைப்புக்குக் கிடைக்கிறது. 0.5 சதவீதம் எங்கே, இது எங்கே!

இன்னொரு வில்லங்கமும் உண்டு. தேவையில்லாத சட்டையை வாங்கிவிட்டு அதைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். பிறகு உண்மையாகக் கொடுக்க வேண்டிய நேரத்தில் 'ஏற்கெனவே கொடுத்தாயிற்றே' என்று மனம் சாக்குச் சொல்கிறது.

ஆக்ஸ்பாம் போன்ற தொண்டு அமைப்புகள் தாமே நடத்தும் கடைகள் வேறு ரகம். மக்கள் இலவசமாகத் தந்த துணிகளும் புத்தகங்களும் அங்கே விற்பனையாகின்றன. அவற்றில் செலவு போக மிஞ்சுவது அமைப்புக்கே. அங்கே தயங்காமல் வாங்கலாம். மற்ற இடங்களில், 'விற்பனையில் ஒரு பங்கு' என்று மட்டும் அச்சிட்டு அளவைச் சொல்லாத பொருளைக் கண்டால், விலையையும் தரத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.