வி.எஃப்.டி.யை அணைத்த பிறகும் ஷாக் அடிப்பது ஏன்?

வீட்டுப் பட்டறையில் லேத்துக்கு வி.எஃப்.டி. மாட்டியவர்களுக்கு வரும் சந்தேகம் இது: மெயின் ஸ்விட்சை அணைத்தாயிற்று, உடனே மூடியைத் திறக்கலாமா? கூடாது.

வி.எஃப்.டி. என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசியை அது முதலில் டிசியாக மாற்றும். 230 என்பது ஆர்.எம்.எஸ். கணக்குதான், அதாவது அதே சூட்டைத் தரும் டிசிக்குச் சமமான அளவு. ஏசியின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். அந்த உச்ச அளவுக்குத்தான் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகின்றன. மோட்டாருக்கான மின்சாரம் அந்தச் சேமிப்பிலிருந்து போகிறது.

மொட்டைமாடி டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பம்ப் செட்டை நிறுத்தினாலும் டேங்கில் தண்ணீர் நிற்கும், குழாயைத் திறந்தால் கொட்டும். இங்கே குழாய் உங்கள் விரல்!

தேங்கிய சார்ஜ் ரெசிஸ்டர் வழியாக மெதுவாகத்தான் வடியும். எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் 5 அல்லது 10. அப்புறமும் நம்பிவிடாமல், மல்டிமீட்டரை டிசியில் வைத்து பிளஸ், மைனஸ் பஸ் முனைகளில் (கெப்பாசிட்டர்களின் டிசி இருக்கும் முனைகள்) அளந்து பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து வடிக்கும் பட்டறை வித்தை மட்டும் வேண்டாம்: தீப்பொறி பறக்கும், பெட்டியும் போகும்.

‘டிஸ்ப்ளே அணைந்தால் சார்ஜ் தீர்ந்தது’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, டிஸ்ப்ளே அணைந்த பிறகும் ஆபத்தான வோல்டேஜ் உள்ளே மிச்சம் இருக்கலாம்.