தலையணைக்குள் இருந்த படிப்புச் செலவு

அன்புள்ள ஐயா,
நம் பர்மா இருக்கும் பண நெருக்கடியில் இத்தனை பல்கலைக்கழகங்கள் தேவையா? பாதியை மூடிவிட்டு அந்தப் பணத்தை ஆரம்பப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் என்ன? இல்லையென்றால் எல்லாவற்றையும் தொலைதூரக் கல்வியாக்கிவிடலாமே? தங்கை மெட்ரிக் எழுதப்போகிறாள், அதனால் கேட்கிறேன்.
ஒரு வாசகர், மோல்மேன்

தம்பி,
நானும் சில நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் வந்து கிளறிவிட்டது.

முதலில் திட்டிவிடுகிறேன். பள்ளிக்கூடமா பல்கலைக்கழகமா என்ற இந்த வாதத்தை எண்பதுகளில் உலக வங்கி ஏழை நாடுகளுக்கு ஓதியது. 2000-இல் அதுவும் யுனெஸ்கோவும் கூட்டிய குழுவே பள்ளிக்கே பணம் என்ற அந்தக் கணக்கு குறுகியது என்று எழுதிவிட்டது. ஆரம்பப் பள்ளிக்கு வாத்தியார் சந்தையிலா கிடைப்பார்? தொலைதூரக் கல்வியை வேறொரு கடிதத்தில் பேசலாம்.

1987-இல் நாங்கள் ரங்கூனுக்கு ஆற்றின் மறுகரையில் உள்ள சிரியம் ஊரில் இருந்தோம். ஆற்றுப் பாலம் 1993-இல்தான் வந்தது. அதுவரை ரங்கூனில் கல்லூரிக்குப் போகப் படகுதான். கல்லூரிக் கட்டணம் சொற்பம். படகுக் கூலி, பஸ், மதியச் சோறு, இவைதான் எங்களைத் தின்றன. அம்மா பால் விற்ற காசை 75 கியாட் தாள்களாகச் சேர்த்துத் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தார். செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் தாள்கள் இனிச் செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்றது அரசாங்கம். அம்மா தையலைப் பிரிக்கவே இல்லை. இரவில் அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் உள்ளே தாள் சலசலக்கும்.

மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசாங்கம் கல்லூரியை மூடியது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். பிறகு 45, 90 என்று தாள் வந்தது. ஆட்சியாளர் நெ வினுக்கு ஒன்பது ராசி எண்ணாம், இரண்டும் ஒன்பதால் வகுபடுமாம். எங்கள் வீட்டில் வகுக்க ஒன்றுமில்லை.

திட்டம் போடுகிறவர்கள் கட்டடத்தை எழுதுவார்கள், சம்பளத்தை எழுதுவார்கள், இத்தனை இடம் என்று எழுதுவார்கள். படகுக் கூலியை எழுத மாட்டார்கள். தொண்ணூறுகளில் ஊருக்கு வெளியே வளாகங்களைக் கட்டினார்களே, எங்கள் அக்கா மகள் அதில் ஒன்றுக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். விடியுமுன் சோற்றுக் கேரியரும் கையுமாகக் கிளம்புவாள். திரும்பும்போது இருட்டிவிடும். ஒரு நாள் செலவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள்: பஸ், பஸ், தேநீர், பஸ், பஸ். தேநீரை மட்டும் அடித்திருந்தாள். அந்தப் பக்கத்தை எந்தத் திட்டத்திலாவது சேர்த்தார்களா?

நீங்கள் பாதியை மூடினால் மீதிப் பாதி இன்னும் தூரமாகும். மோல்மேனிலிருந்து தங்கை எங்கே போவாள்? யோசித்தீர்களா?

அவள் தேறியதும் எழுதுங்கள். ரங்கூனில் எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. பஸ் நிறுத்தம் வாசலிலேயே.