அதிகம் பேருக்கு இல்லாத ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரில் புகழ்பெற்றவர்கள் பலர் உண்டா? அவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஹக்ஸ்லி. ஸ்மித், ஜோன்ஸ், டெய்லர் போலத் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் பெயர் இல்லை இது. இங்கிலாந்தின் வடமேற்கே செஷயர் பகுதியில், செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் ஹக்ஸ்லி என்றே ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. சொந்தக்காரர்களா என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில்: பெரும்பாலானவர்கள் ஆம். ஆனால் யாரை நிச்சயம் உறவு என்று நினைப்பீர்களோ அந்த ஒருவர் மட்டும் இல்லை. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறவன். எங்கள் பாடத்தில் இந்தப் பெயர் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். உயிரின் பௌதிக அடிப்படை, செல்லுக்குள் இருக்கும் கூழான புரோட்டோபிளாசம் என்று 1868-இல் பேசியவர் ஹக்ஸ்லி. 1940-இல் வகைப்பாட்டியலைப் புதிய தடத்தில் கொண்டுபோனவர் ஹக்ஸ்லி. நரம்பில் மின்துடிப்பு ஓடும் விதத்துக்குச் சமன்பாடு எழுதியவர் ஹக்ஸ்லி. தசை எப்படிச் சுருங்குகிறது என்று சொன்னவரும் ஹக்ஸ்லி. "சார், இவர் மொத்தம் எத்தனை வருஷம் சார் உயிரோட இருந்தார்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான சந்தேகம்தான்.

தாத்தாவிலிருந்து ஆரம்பிக்கலாம். தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, 1825-இல் லண்டனுக்கு அருகே ஈலிங்கில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். ஆனால் மகன் முறையாகப் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். மீதியெல்லாம் தானாகப் படித்தது. அப்புறம் மருத்துவம் கற்று, 1846-இல் ராட்டில்ஸ்நேக் என்ற கடற்படைக் கப்பலில் உதவி மருத்துவராக ஏறி ஆஸ்திரேலியப் பக்கம் போனார். கப்பலில் இருந்தபடியே கடல் உயிரினங்களை அறுத்துப் பார்த்து எழுதி அனுப்பிய கட்டுரைகள்தான் அவரை விஞ்ஞானி ஆக்கின. சிட்னியில் சந்தித்த ஹென்ரியட்டா ஹீத்தார்னைத்தான் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார். பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்து ஏழு மாதத்தில், 1860 ஜூன் 30 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸோடு மோதியது இவர்தான். 'குரங்கு உங்கள் தாத்தா வழியா, பாட்டி வழியா' என்று பிஷப் கேட்டதாகவும், ஹக்ஸ்லி சுடச்சுடப் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உலவுகிறது. அன்று பேசியதை யாரும் சொல்லுக்குச் சொல் குறித்து வைக்கவில்லை. பல வடிவங்களில் சொல்லப்படும் அந்த வசனத்தை மேற்கோள் குறி போட்டு எடுத்துப் போடுகிறவர்களை அதனால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அவர் மகன் லெனார்டு, கார்ன்ஹில் என்ற இலக்கிய இதழின் ஆசிரியர். அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் மறைந்துபோன மனிதர். இவருக்கு இரண்டு தாரம். மூத்த தாரமான ஜூலியா, கவிஞர் மேத்யூ ஆர்னல்டின் தம்பி மகள். அவருடைய பிள்ளைகள்தான் ஜூலியனும் ஆல்டஸும். ஜூலியா 1908-இல் இறந்தபின் ரோசலிண்ட் புரூஸை மணந்தார் லெனார்டு. அந்த இளைய தாரத்தின் கடைக்குட்டி ஆண்ட்ரூ. ஜூலியனுக்கும் ஆண்ட்ரூவுக்கும் 30 வயது வித்தியாசம். 1825-இல் பிறந்தவரின் நேரடிப் பேரன் 2012 வரை வாழ்ந்தது இப்படித்தான். தாத்தா 1895-இலேயே போய்விட்டார், பேரன் பிறந்தது 1917-இல்.

ஜூலியன் ஹக்ஸ்லி உயிரியலாளர். லண்டன் விலங்கியல் கழகத்தின் செயலாளராக இருந்து உயிரியல் பூங்காவை நடத்தினார், யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர் ஆனார், 1961-இல் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கப்பட்டபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். கடற்பறவைகளைப் பற்றி அவர் எடுத்த குறும்படம் ஆஸ்கார் கூட வாங்கியது. இவ்வளவு இருந்தும், 'நல்ல' வம்சங்களைப் பெருக்கி மனித இனத்தை மேம்படுத்தலாம் என்கிற இனமேம்பாட்டுக் கொள்கையில் அவர் நம்பிக்கை வைத்திருந்தார், பிரிட்டனில் அதற்கான சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அதை மறைத்துவிட்டு அவரைப் பாராட்டுவது சரியில்லை. அறிவு ரத்தத்தில் வருகிறது என்று நம்புகிறவர்கள் இந்தக் குடும்பத்தைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே வருகிறேன்.

ஆல்டஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1932-இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதியவர். பள்ளிப் பருவத்தில் கண்நோய் வந்து பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது, இல்லையென்றால் அவரும் மருத்துவமோ அறிவியலோ படிக்கப் போயிருப்பார். கலிஃபோர்னியாவில் குடியேறிய பிறகு ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு நெருங்கிய நட்பு. அடையாறில் வளர்ந்த கிருஷ்ணமூர்த்தியின் நூல் ஒன்றுக்கு 1954-இல் முன்னுரை எழுதியது ஆல்டஸ்தான். சென்னையில் கிருஷ்ணமூர்த்தி வாசகர்கள் பலர் ஹக்ஸ்லி என்ற பெயரை முதலில் பார்த்தது அங்கேயாகத்தான் இருக்கும்.

இவர்களைச் சுற்றி இன்னும் பலர். கென்யாவைப் பற்றி எழுதிய எல்ஸ்பத் ஹக்ஸ்லி பிறப்பால் கிராண்ட். தாமஸ் ஹென்றியின் பேரன்களில் ஒருவரான ஜெர்வாஸை மணந்ததால் வந்த பெயர் அது. ஜூலியனின் மகன் பிரான்சிஸ் மானுடவியலாளர். பழங்குடி மக்களின் உரிமைக்காக 1969-இல் தொடங்கிய சர்வைவல் இன்டர்நேஷனலின் நிறுவனர்களில் ஒருவர். ஆண்ட்ரூவின் அண்ணன் மகள் ஏஞ்சலா, சார்லஸ் டார்வினின் கொள்ளுப்பேரனைக் கட்டிக்கொண்டார். டார்வினுக்காகத் தாத்தா மேடை மேடையாகச் சண்டை போட்டதற்கு, கடைசியில் இரண்டு வீடும் சம்பந்தியே ஆகிவிட்டன!

இப்போது ஆண்ட்ரூ. 1939-இல் பிளிமத் கடல் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினோடு சேர்ந்து கணவாய் மீனின் ராட்சத நரம்பிழைக்குள் மின்முனையைச் செருகி, மின்துடிப்பை உள்ளிருந்தே பதிவு செய்தார். அந்த இழையின் தடிமனே அரை முதல் ஒரு மில்லிமீட்டர்தான். சில வாரத்தில் உலகப்போர் வந்து வேலை நின்றது. போருக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சோடியமும் பொட்டாசியமும் சவ்வைக் கடந்து போய்வருவதைச் சமன்பாடுகளாக எழுதி 1952-இல் வெளியிட்டார்கள். அந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க கேம்பிரிட்ஜில் இருந்த கணினி அப்போது மாதக்கணக்கில் ஓடவில்லை. அதனால் ஆண்ட்ரூ கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு இயந்திரத்தில் வாரக்கணக்கில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி விடை கண்டார். வகுப்பில் இதைச் சொன்னால் தூங்குகிறவனும் எழுந்துகொள்வான். இதற்குத்தான் 1963 நோபல் பரிசு, ஹாட்ஜ்கினோடும் ஜான் எக்கில்ஸோடும். பரிசு அறிவித்த அடுத்த மாதம், நவம்பர் 22 அன்று, ஆண்ட்ரூவின் 46-ஆவது பிறந்தநாளில் லாஸ் ஏஞ்சல்ஸில் அண்ணன் ஆல்டஸ் இறந்தார். அதே நாளில்தான் கென்னடி சுடப்பட்டார், ஆகவே ஆல்டஸின் மரணம் பத்திரிகைகளில் ஓரமாகப் போய்விட்டது.

நரம்பை முடித்ததும் ஆண்ட்ரூ தசைக்கு வந்தார். இங்கேதான் குழப்பம்.

ஹியூ ஹக்ஸ்லி 1924-இல் பர்கன்ஹெட்டில் பிறந்தவர், அப்போது அது செஷயரில்தான் இருந்தது. ஆண்ட்ரூ குடும்பத்துக்கும் இவருக்கும் எந்த உறவும் கிடையாது. இயற்பியல் படிக்க கேம்பிரிட்ஜ் வந்தவர், போர்க்காலத்தில் விமானப்படையில் ராடார் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, ஜான் கெண்ட்ரூவின் கீழ் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பொருள், எக்ஸ் கதிர் கொண்டு தசையின் உள்ளமைப்பைப் பார்ப்பது. அதே ஊரில், உடலியங்கியல் துறையில் ஆண்ட்ரூ. ஒருவருக்கு வரவேண்டிய கடிதம் எத்தனை முறை மற்றவரிடம் போயிருக்குமோ, நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தசை இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் கருப்பும் வெளுப்புமாக மாறிமாறிப் பட்டைகள் தெரியும். கருப்பு ஏ பட்டை, வெளுப்பு ஐ பட்டை. தசை சுருங்கும்போது உள்ளே இருக்கும் புரதமே மடிந்தோ சுருண்டோ குட்டையாகிறது என்றுதான் அதுவரை பெரும்பாலோர் நினைத்தார்கள். ஹியூ அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போய், அங்கே ஜீன் ஹேன்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியோடு சேர்ந்து முயல் தசையிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணிழைகளைச் சுருங்கவைத்துப் பார்த்தார். ஆண்ட்ரூ ஜெர்மனியிலிருந்து வந்த ரால்ஃப் நீடர்கெர்கேயோடு, தாமே வடிவமைத்த குறுக்கீட்டு நுண்ணோக்கியில் தவளையின் உயிருள்ள தசை இழைகளைப் பார்த்தார். (சிறுவயதில் பெற்றோர் வாங்கிக் கொடுத்த கடைசல் இயந்திரத்திலிருந்தே அவருக்குக் கருவி செய்வதில் பித்து.) இரு தரப்பும் கண்டது ஒன்றே: சுருங்கும்போது ஏ பட்டையின் நீளம் மாறுவதில்லை, ஐ பட்டை மட்டும் குறைகிறது. அப்படியானால் எந்த இழையும் குட்டையாகவில்லை. ஆக்டின் என்ற புரதத்தாலான மெல்லிய இழைகள், மயோசின் என்ற புரதத்தாலான தடித்த இழைகளுக்கு இடையே உள்ளே நழுவுகின்றன. நம் பாடத்தில் வரும் சறுக்கும் இழைக் கோட்பாடு இதுதான்.

இருவரும் 1953-இல் அமெரிக்காவில் உட்ஸ்ஹோல் கடல் ஆய்வகத்தில் சந்தித்தார்கள். ஒரே முடிவுக்கு வந்திருப்பது தெரிந்ததும், யார் முந்துவது என்று ஓடாமல் சேர்ந்தே வெளியிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். 1954 மே 22 'நேச்சர்' இதழில் ஆண்ட்ரூ, நீடர்கெர்கே கட்டுரை முடிகிற 973-ஆம் பக்கத்திலேயே ஹியூ, ஹேன்சன் கட்டுரை தொடங்குகிறது. ஒரே இதழ், ஒரே முடிவு, இரண்டு ஹக்ஸ்லிகள். உறவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பிறகும் ஒருவர் பாதையில் மற்றவர் வந்துகொண்டே இருந்தார். ஹியூ லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்தபோது 1960-இல் ஆண்ட்ரூ அங்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளில் ஹியூ கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிப் போனார். மயோசினிலிருந்து நீளும் குறுக்குப் பாலங்கள் ஆக்டினைப் பிடித்து அசைந்து இழுக்கின்றன என்ற படத்தை 1969-இல் தெளிவாக வரைந்து காட்டியது ஹியூதான்.

நோபல் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆண்ட்ரூவின் நோபல் நரம்புக்காக வந்தது, தசைக்காக இல்லை. சறுக்கும் இழைக் கோட்பாட்டுக்கு யாருக்குமே தரவில்லை, ஜீன் ஹேன்சனும் 1973-இல் திடீரென்று கிருமித்தொற்றில் போய்விட்டார். ஆனால் 'ஹக்ஸ்லிக்குத்தான் நோபல் கொடுத்தாயிற்றே' என்று வெளியில் இருப்பவர்கள் மனதில் கணக்கு நேராகிவிட்டது. பெயர் ஒன்றாக இருந்ததால் ஹியூவுக்கு நடந்த அநியாயம் இது என்பது என் எண்ணம். பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் மிகப் பழைய பரிசான காப்லி பதக்கம் தாத்தா தாமஸுக்கு 1888-இலும் ஆண்ட்ரூவுக்கு 1973-இலும் கிடைத்தது. 1997-இல் ஹியூவுக்கும் கிடைத்தது. பட்டியலை மட்டும் பார்க்கிறவர்கள் மூன்றாம் தலைமுறையும் வாங்கிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

மேலே ரத்தம், பரம்பரை என்று சொன்னேன் அல்லவா? பேரன்களுக்கு வீடு நிறையப் புத்தகமும், வீட்டுக்கு வந்துபோகும் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். தாத்தாவுக்கு இரண்டு வருடப் பள்ளி. ஹியூவுக்கு இந்த வம்சத்தில் யாரையும் தெரியாத ஒரு வீடு. அதே பெயரை வைத்துக்கொண்டு, ரத்த சம்பந்தம் துளியும் இல்லாமல், ஆண்ட்ரூ நின்ற இடத்துக்கே வேறு வழியில் வந்து நின்றார் அவர். பரம்பரைப் பெருமை பேசுகிறவர்கள் இவரை எந்தக் கிளையில் தொங்கவிடுவார்கள் என்று தெரியவில்லை.

தசை ஆய்வில் இருப்பவர்கள் இவர்களை ஹக்ஸ்லி என்று சொல்வதே அபூர்வம். ஆண்ட்ரூவை ஏ.எஃப். என்றும் ஹியூவை ஹெச்.இ. என்றும்தான் சொல்வார்கள். ஒரே அலுவலகத்தில் இரண்டு ராமசாமி இருந்தால் நாம் செய்வதும் அதையேதானே? இனிஷியலில் வாழ்கிற நமக்கு இது புதிதில்லை.

நீங்கள் ஆய்வுக் கட்டுரைகள் படிக்கிறவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 'ஹக்ஸ்லி 1957' என்று மேற்கோள் வந்தால் அவசரப்படாதீர்கள். அந்த வருடம் ஏ.எஃப். குறுக்குப் பாலங்களின் கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார், ஹெச்.இ. இரட்டை இழை வரிசையை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களாகக் காட்டினார். இரண்டும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகின்றன. பின்னால் இருக்கும் பட்டியலுக்குப் போய் இனிஷியலைப் பார்த்துவிட்டுத்தான் யார் என்று முடிவு செய்யவேண்டும்.