உன் வாதம் எங்கே?

தம்பி, 'தகவல் இருக்கிறது, உன் வாதம் எங்கே?' என்ற குறிப்போடு கட்டுரை திரும்பி வந்துவிட்டது, தீசிஸ் என்று எதைக் கேட்கிறார்கள், நடுப்பத்திகளை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தாய். வெளிநாட்டில் படிக்க வந்த முதல் பருவத்தில் எனக்கும் இதே குறிப்புதான் வந்தது. என் ஆங்கிலம்தான் குறை என்று நினைத்து இரண்டு மாதம் இலக்கணத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். குறை அங்கே இல்லை. தெரிந்ததையெல்லாம் எழுதினால் மதிப்பெண் வரும் என்று பழகியிருந்தேன். இங்கே ஒரு நிலைப்பாட்டை எடுத்து அதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்.

'இக்கட்டுரை கட்டாய வாக்களிப்பின் நன்மை தீமைகளை ஆராய்கிறது' என்று தொடங்கினால் அது வெறும் அறிவிப்பு. தீசிஸ் என்பது கட்டுரை முழுவதும் நீ நிறுவப்போகும் நிலைப்பாட்டைச் சொல்லும் வாக்கியம்; விவரம் தெரிந்த ஒருவர் மறுக்கக்கூடியதாக இருந்தால்தான் அது தீசிஸ். கூடவே காரணமும் வேண்டும். இப்படி எழுதிப் பார்: 'ஒதுங்கி நிற்பவர்களையும் கட்சிகள் கணக்கில் எடுக்க வைப்பதால், வாக்களிப்பைச் சட்டக் கடமையாக்குவது நியாயமே.' இந்த 'எடுக்க வைப்பதால்' போன்ற காரணம் இல்லாத தீசிஸ் பாதியில் நிற்கும்.

நடுப்பத்தியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முதல் வாக்கியம் அந்தப் பத்தியின் சின்ன வாதத்தைச் சொல்லட்டும்: சட்டம் வந்தால் ஒதுங்கியவர்கள் வருகிறார்கள். அடுத்து சான்று. ஆஸ்திரேலியாவில் 1922 பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 சதவீதத்துக்கும் குறைவு. 1924-இல் வாக்களிப்பு கட்டாயமானது. 1925 தேர்தலில் அது 91 சதவீதத்தைத் தாண்டியது. நல்ல சான்றுதான். ஆனால் இதோடு பத்தியை முடித்துவிடாதே, நீ அனுப்பிய கட்டுரையில் ஒவ்வொரு பத்தியும் ஓர் எண்ணிலோ மேற்கோளிலோ முடிகிறது. அந்த எண் உன் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்பதை வாசகர் தானாக ஊகிக்க மாட்டார். ஏறக்குறைய எல்லோரும் வருவார்கள் என்று தெரிந்தால், வழக்கமாக வருபவர்களை மட்டும் திருப்திப்படுத்தி ஒரு கட்சி ஜெயிக்க முடியாது. இதை நீதான் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த விளக்கத்துக்குத்தான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் அளவையியலை, அதாவது தர்க்க முறையை, எடுத்துப் பார். இம்மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. புகையைக் காட்டியதோடு அவர் நிறுத்தவில்லை; புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற இணைப்பையும் சொல்கிறார். உன் பத்திகளில் விடுபட்டிருப்பது அந்த இணைப்புதான்.

அப்புறம், எதிர்வாதத்துக்குப் பயந்து ஒளிக்காதே. வாக்களிக்காமல் இருப்பதும் உரிமைதானே என்று ஒருவர் கேட்பார், அது நியாயமான கேள்வி. வாக்கெடுப்பு ரகசியம் என்பதால் ஒருவர் சீட்டை வெறுமையாகப் போட்டாலும் அது யாருடையது என்று தெரியாது, ஆகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று நடைமுறையில் யாரையும் வற்புறுத்த முடியாது என்று பதில் சொல். வேறு நாட்டைப் பற்றி எழுதினால் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்.

பல பல்கலைக்கழகங்களில் எழுத்து உதவி மையம் இருக்கும், உன்னுடையதில் இருக்கிறதா என்று விசாரி. முழுக் கட்டுரையையும் தூக்கிக்கொண்டு போகாதே. தீசிஸ் வாக்கியத்தையும் ஒரே ஒரு பத்தியையும் காட்டி, 'இந்தச் சான்று இந்த வாதத்தைத் தாங்குகிறதா?' என்று மட்டும் கேள்.