சூளைக் கேள்விகள்: வெந்த பானையில் வெள்ளைப் பொட்டு

ஏரிக் களிமண்ணில் தொட்டியும் அகலும் செய்து 950 டிகிரியில் சுடுகிறோம். எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. ஒரு வாரத்தில் காசு அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து விழுகிறது, குழியின் நடுவில் வெள்ளைப் பொட்டு. சூட்டில் தவறா?
– வாசகர், அரியலூர்

சூட்டில் தவறில்லை, மண்ணில் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக்கல் துண்டு, இருக்கிறது. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் கொடுக்கிற ஊர் உங்களுடையது. ஏரிக் களியில் அது கலந்திருப்பதில் வியப்பில்லை. விழுந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள். தட்டையான கூம்பு போலிருக்கும். முனையில் நகத்தால் சுரண்டினாலே உதிரும் வெள்ளை மாவு.

சூளையில் 850 டிகிரியைத் தாண்டும்போது சுண்ணாம்புக்கல் சுட்ட சுண்ணாம்பாகிறது. வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து நீறுகிறது. நீறினால் பருமன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெந்து இறுகிய சுவர் அதற்கு இடம் கொடுக்காது, மேல்தோல் பெயர்கிறது. மழைக்காலத்தில் சீக்கிரமும் கோடையில் தாமதமாகவும் இது தெரிவது அதனால்தான்.

மண்ணை மாற்ற வேண்டாம், சலித்தால் போதும். களியை ஈரமே இல்லாமல் காயவைத்து, பிறகு தண்ணீரில் போடுங்கள். அரை ஈரத்தில் போட்ட கட்டி கரையவே கரையாது. மறுநாள் கூழாகக் கலக்கி 60 மெஷ் சல்லடையில் வடியுங்கள். அதன் கண் கால் மில்லிமீட்டர். அதற்குள் நுழைந்து போகிற துகளுக்குச் சுவரைப் பெயர்க்கும் பலம் கிடையாது. புதிதாக வந்த மண்ணில் சுக்கான் இருக்கிறதா என்று பார்க்க, காய்ந்த கட்டியில் நீர் கலந்த ஆசிட் நாலு சொட்டு விடுங்கள், நுரைத்தால் இருக்கிறது.

இப்போது சுடும் சரக்கைக் காப்பாற்றவும் வழி உண்டு. கை பொறுக்கும் சூட்டில் எடுத்து உடனே தண்ணீர்த் தொட்டியில் முழுக்கி, குமிழி அடங்கும்வரை விட்டுவிடுங்கள். ஒரேயடியாக நிறைய நீர் கிடைத்தால் சுண்ணாம்பு குழைந்து, சுவரின் நுண்துளைகளுக்குள் பரவிவிடும். எல்லாச் சில்லும் நின்றுவிடாது, பெரும்பாலும் நிற்கும். செங்கல் சூளைகளில் இதற்காக மண்ணோடு கொஞ்சம் உப்பு சேர்ப்பதுண்டு. மின்சூளையில் அந்தப் பக்கமே போகாதீர்கள், உப்பின் ஆவி சூடேற்றும் கம்பியான எலிமென்ட்டை அரித்துவிடும். இன்னொன்று: பிளாஸ்டர் அச்சின் ஓரம் உடைந்து மண்ணில் விழுந்திருந்தாலும் இதே மாதிரிதான் பெயரும். அச்சுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஐப்பசி மழையில் நான்கு நாள் காயவைத்த கப்புகள் முதல் சூட்டில் வெடித்துத் தூளாகிவிட்டன. பக்கத்திலிருந்த தட்டு இரண்டாகப் பிளந்திருக்கிறது. காரணம் ஒன்றுதானா?
– வாசகி, தாம்பரம்

இரண்டும் வேறு வேறு. கப்பைத் தூளாக்கியது நீராவி. சுவருக்குள் தங்கிய ஈரம் 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடித்திருக்கிறது. மழைக்காலத்தில் நாளை எண்ணிப் பயனில்லை, எடை போட்டுப் பாருங்கள். இன்றும் நாளையும் ஒரே எடை காட்டினால் அறையின் காற்றில் அதற்கு மேல் காயாது என்று பொருள். அப்போதும் கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்கும். மிச்ச ஈரத்தைச் சூளைதான் எடுக்க வேண்டும்: மூடியை இரண்டு விரல் திறந்து வைத்து 90 டிகிரியில் ஆறு மணி நேரம், அடி கனமானால் இரவு முழுவதும். பிறகு 200 வரை மணிக்கு 60 டிகிரி, 600 வரை மணிக்கு 100, அங்கிருந்து 1000 வரை மணிக்கு 120. மேல்துளையை 700 டிகிரிவரை அடைக்காதீர்கள். மண்ணோடு பிணைந்த நீரும் கரியும் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

தட்டு பிளந்தது பெரும்பாலும் ஆறும்போது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று பருமன் மாறும். சூளை 600-இல் இருக்கும்போது மூடியைத் தூக்கிப் பார்க்கும் ஆசைக்குக் கொடுக்கும் விலை அது. 100-க்குக் கீழே வந்தபின் திறங்கள். கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு போட்ட சாமானில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: விரிசலின் விளிம்பில் கிளேஸ் உருகி மழுங்கியிருந்தால் ஏறும்போதே, அல்லது அதற்கும் முன்பே விட்ட விரிசல், கையைக் கிழிக்கும் கூர்மை இருந்தால் ஆறும்போது விட்டது.

9 கிலோவாட் மூன்று ஃபேஸ் சூளை. முன்பு ஒன்பது மணி நேரத்தில் 1220-ஐத் தொடும். இப்போது பதினாலு மணி நேரமாகியும் 1190-இல் நின்றுவிடுகிறது. 600 வரை எந்த வித்தியாசமும் தெரியவில்லை.
– வாசகர், கோவை

கடைசி வரியில் நீங்கள் சொன்னதே பாதி விடை. கீழ்ச் சூட்டில் சுவர் வழியாகக் கசியும் வெப்பம் குறைவு, மின்சாரம் கொஞ்சம் குறைந்தாலும் தெரியாது. 1200-இல் சூளைக்குள் போகும் வெப்பமும் கசியும் வெப்பமும் கிட்டத்தட்ட சமம். அங்கே சிறிது குறைந்தாலும் ஏற்றம் நின்றுவிடும்.

முதலில் சூளை முழுச் சுமையில் ஓடும்போது எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று ஃபேஸிலும் வோல்ட்டேஜும் ஆம்பியரும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார் இணைப்பு என்றால் ஃபேஸுக்கு 13 ஆம்பியர் ஓட வேண்டும். ஒன்றில் சுழி காட்டினால் அந்த ஃபேஸின் ரிலேயோ, இணைப்போ, எலிமென்ட்டோ போயிருக்கிறது. மூன்றிலும் சீராகக் குறைந்திருந்தால் வோல்ட்டேஜைப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் இழப்பு 13 சதவீதமில்லை, 24 சதவீதம். திறன் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. அப்படியானால் உச்சச் சூட்டை மின்சுமை குறைந்த பின்னிரவுக்குத் தள்ளிப் பாருங்கள்.

வோல்ட்டேஜ் சரியென்றால் எலிமென்ட்டுக்கு வயதாகிவிட்டது. மெயினை அணைத்து, ஆறிய பிறகு எலிமென்ட்டின் இணைப்பைக் கழற்றி ஓம் அளவு எடுங்கள். உங்கள் சூளையில் புதிதில் ஒரு ஃபேஸுக்கு 17.6 ஓம் இருந்திருக்கும். 20-ஐத் தொட்டிருந்தால் திறனில் 12 சதவீதம் போய்விட்டது, மாற்றும் காலம். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பழையதும் புதியதும் கலந்தால் சூளையின் ஒரு பகுதி அதிகமாக வேகும், இன்னொரு பகுதி வேகாது. பழைய கம்பியைக் குளிரில் வளைக்கவும் வேண்டாம், ஒருமுறை சுட்ட கம்பி சுள்ளி மாதிரி ஒடியும்.

கண்ட்ரோலர் 1222 காட்டியது, ஆனால் கோன் 6 வளையவேயில்லை. எதை நம்புவது?
– வாசகி, மதுரை

கோனை. சூளைக்குள் வைக்கும் சிறு கூம்பு அது, உரிய வேக்காடு வந்ததும் வளையும். கண்ட்ரோலர் சொல்வது, சூடு அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனையிலுள்ள சூட்டை மட்டும். கோன், மண்ணைப் போலவே, சூட்டையும் நேரத்தையும் சேர்த்து வாங்குகிறது. கடைசி 100 டிகிரியை மணிக்கு 60 வேகத்தில் ஏறினால் ஆர்ட்டன் நிறுவனத்தின் கோன் 6 வளைவது சுமார் 1222-இல். மணிக்கு 150 வேகத்தில் ஏறினால் சுமார் 1243-இல். சூளையின் ஒவ்வொரு ஷெல்ஃபிலும் 5, 6, 7 என மூன்று கோன் வையுங்கள். 5 படுத்து, 6 வளைந்து, 7 நிமிர்ந்திருந்தால் சரியான வேக்காடு. மெதுவாக ஏற்றியும் 6 வளையவில்லை என்றால் கே வகைத் தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கலாம். இந்தச் சூட்டில் அது வேகமாகத் தேயும்.

கிளேஸ் சில இடங்களில் சுருண்டு விலகி, மண் தெரிகிறது.
– வாசகர், சேலம்

தூசி, கை எண்ணெய், அல்லது தடிமன். ஈரப் பஞ்சால் துடைத்து, ஈரம் போனபின் முக்குங்கள். ஊசியால் குத்திப் பார்த்தால் பூச்சு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 100 மில்லி கிளேஸின் எடை 145 கிராம் அளவில் இருந்தால் நல்ல தொடக்கம். பூச்சு சூளைக்கு முன்பே வெடித்தால் அதில் சுடாத கயோலின் (வெள்ளைக் களி) அதிகம். பாதியைச் சுட்டுப் பொடித்துச் சேருங்கள்.

எங்கள் ஊர்ச் செம்மண்ணை 1220-இல் சுட்டுக் காபிக் கப் செய்யலாமா?
– வாசகர், புதுச்சேரி

அப்படியே சுட்டால் பெரும்பாலும் உப்பும், கொப்புளிக்கும், சில மண் உருகி ஷெல்ஃபில் ஒட்டும். இரும்பு அதிகமுள்ள செம்மண்ணுக்கு 1100-ஐ ஒட்டியே தாங்கும் எல்லை வந்துவிடும். 1971-இல் உங்கள் ஊரில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியில் வளர்ந்தது, உயர்ந்த சூட்டில் இறுக வேகும் ஸ்டோன்வேர். அதற்கு வேண்டியது சூடு தாங்கும் களியும், உருகி மண்ணை இறுக்கும் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்த மண். உங்கள் மண்ணை அதில் 10, 20, 30 சதவீதம் சேர்த்துச் சின்னப் பட்டைகள் செய்து, ஒவ்வொன்றையும் பழைய சுட்ட கிண்ணத்துக்குள் வைத்துச் சுடுங்கள்; உருகினால் ஷெல்ஃப் தப்பும். வெந்த பட்டையை எடை போட்டு, ஐந்து மணி நேரம் கொதிக்கவைத்து, அந்த நீரிலேயே ஆறவிட்டுத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். எடை 2 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்தக் கலவை கப்புக்கு ஆகாது, பூந்தொட்டிக்கு ஆகும்.