தாத்தாவின் 1946 கணக்குச் சீட்டு: 14 கம்பளி குறைவு

தம்பி, உங்க தாத்தா ராணுவத்துக்குச் சரக்கு கொடுக்கும் ஆர்டினன்ஸ் கிடங்கில் ஸ்டோர்கீப்பர், 1946 சீட்டில் 14 கம்பளி குறைவு என்று இருக்கிறது, அவர் திருடினாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சீட்டை மட்டும் வைத்து அப்படி நினைக்கவே நினைக்காதீர்கள்.

நானும் உங்களைப் போல வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்காரன்தான், ராணுவக் கிடங்கில் இருபது வருடம் லெட்ஜர் எழுதியவன். சண்டை நேரத்தில் ராத்திரி லாரி வந்து நின்றால் வவுச்சர், அதாவது சரக்கு கொடுத்ததற்கான சீட்டு, போடாமலே சரக்கு போய்விடும், கையெழுத்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள், அந்த யூனிட் வேறு ஊருக்குப் போய்விட்டால் கையெழுத்து வராது. போர் முடிந்ததும் ஆடிட் வந்து ரேக்கில் தொங்கும் அட்டையை லெட்ஜரோடு ஒப்பிட்டு, கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணும். பூச்சி அரித்த கம்பளியைத் தனியே வைத்தாலே கணக்கு உதைக்கும். குறைவு என்றால் லெட்ஜருக்கும் இருப்புக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது சீட்டில் அந்தக் குறைவுக்கு அடுத்த வரி. திருட்டு, மோசடி, கவனக்குறைவால் வந்த நஷ்டம் ஒரு வகை, அவற்றால் வராதது இன்னொரு வகை, எது என்று எழுதித்தான் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்வார்கள். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தை என்ற இடத்தையும் பாருங்கள், அங்கே நல்லபடியாக எழுதியிருந்தால் பெரிய ஆறுதல்.

புத்தகம் இல்லையென்றால் அவருடைய படை எண்ணைக் குறித்துக்கொண்டு வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், ஆர்டினன்ஸ் படையின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் செகந்திராபாத்தில் இருக்கிறது, அங்கே எழுத வழி சொல்வார்கள். சீட்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.