"பக்கத்துக் கட்டில் பாப்பா எங்கே?" என்று பிள்ளை கேட்டால்

கேள்வி: என் 8 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் (லுகேமியா), அதில் ஏ.எல்.எல். (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா) என்ற வகை. கீமோ தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. "ரத்தம் குறைவு" என்று மட்டும்தான் அவனிடம் சொல்லியிருக்கிறோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுமி போன வாரம் இறந்துவிட்டாள். "அவ எங்கம்மா?" என்று கேட்டான். வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. டாக்டர் "பக்குவமாகச் சொல்லுங்கள்" என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் சொல்லவே கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சொல்லிவிடுங்கள் அம்மா. அவன் பேசாமல் இருப்பதே, நீங்கள் சொன்னதை நம்பவில்லை என்பதற்கு அடையாளம்.

இந்த நோய்க்கான சிகிச்சை 2 முதல் 3 ஆண்டு வரை போகும். அத்தனை நாள் ஒரு பொய்யைக் காப்பாற்ற எந்த வீட்டாலும் முடியாது. வார்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள். யாருக்கு முடி கொட்டியது, எந்தக் கட்டில் காலியானது, டாக்டர் போனதும் அம்மா எதற்காக வெளியே போனாள், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் லுகேமியா வந்த குழந்தைகளோடு பல மாதங்கள் பழகி, 1978-ல் தன் ஆய்வை வெளியிட்டார். யாரும் சொல்லாமலே தங்கள் நிலைமையைத் தெரிந்துகொண்ட குழந்தைகள், பெற்றோர் வருத்தப்படுவார்களே என்று தெரியாததுபோல் நடித்ததை அதில் பதிவுசெய்தார். உங்கள் பையனும் உங்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். நோயின் பெயரைச் சொல்லுங்கள். அவன் செய்த எதனாலும் இது வரவில்லை, தொட்டால் யாருக்கும் ஒட்டாது என்றும் சொல்லுங்கள். குறும்பு செய்ததால்தான் வந்தது என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதுகில் ஊசி போடும் நாளில் "வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்பது போதும். ஸ்டீராய்டு மாத்திரை ஓடும் நாட்களில் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் அழுவார்கள், எரிந்து விழுவார்கள். அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தெரிந்துகொள்ள விரும்பாத பிள்ளையிடம் திணிக்கக் கூடாது. என்னிடம் வந்த 11 வயதுப் பையன், நான் நாற்காலியை இழுத்துப் போட்டதுமே போர்வையை முகம்வரை இழுத்துவிடுவான். "உன்னிடம் சொல்லவா, அம்மாவிடம் சொன்னால் போதுமா?" என்று கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து "அம்மாகிட்ட" என்று குரல் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவனே, "அந்தச் சிவப்பு மருந்து எதுக்கு?" என்று ஆரம்பித்தான். ஆனால் பிள்ளை "வேண்டாம்" என்பது வேறு, பெரியவர்கள் அவன் சார்பில் "வேண்டாம்" என்பது வேறு. உங்கள் மகன் வாய்விட்டுக் கேட்டவன். அவனுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மருத்துவமனை வராந்தாவில் "நிதி திரட்டித் தருகிறோம்" என்று வரும் ஆட்களிடம் கவனமாக இருங்கள். பிள்ளை அழும்போது படம் எடுப்பார்கள், "இன்னும் சில நாட்களே" என்று எழுதிப் போடுவார்கள், வரும் பணத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். சத்துக் குறைவு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்த ஒரு பத்து வயதுப் பெண் குழந்தை, தன் நோயின் பெயரையே மாமாவின் போனில் ஓடிய அப்படியொரு வீடியோவில்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் ஊசி போட அனுமதி வாங்கவே நாங்கள் படாத பாடு பட்டோம். பண உதவி வேண்டுமென்றால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகட்டும். முகம் தெரியும் படம் வேண்டாம். அவனுக்குப் பதினைந்து வயதாகும்போதும் அது இணையத்தில் கிடக்கும். கீமோ இல்லாமலே குணமாக்குகிறேன் என்பவனைப் பற்றி ஒரே வரிதான்: பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வரும் பிள்ளைக்கு நோயை மறுபடி அடக்குவது பல மடங்கு கடினம்.

"பக்குவமாகச் சொல்லுங்கள்" என்றுவிட்டு டாக்டர் நகர்ந்ததை நினைத்தால் கோபம்தான் வருகிறது. எப்படிச் சொல்வது என்று கூட உட்கார்ந்து காட்ட வேண்டியது யார்? பத்துப் பக்கச் சம்மதப் படிவத்தில் மூன்றே நிமிடத்தில் கையெழுத்து வாங்குகிறோம். யாருடைய உடம்போ அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச எங்களுக்கு நேரமில்லை. கவுன்சலர் இடம் காலியாகவே கிடக்கும். நீங்கள் விடாமல் கேளுங்கள், பத்து நிமிடம் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றை முதலில் கேளுங்கள். நோய் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க முதல் மாத முடிவில் எலும்பு மஜ்ஜையைச் சோதித்திருப்பார்கள், அதில் என்ன வந்தது? அது தெரிந்த பிறகு மகனிடம் உட்காருங்கள். "அவள் இறந்துவிட்டாள். அன்றைக்குச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, அதான் அப்படிச் சொன்னேன்" என்று தொடங்குங்கள். "நானும் செத்துடுவேனா?" என்று கேட்பான். ஒரே நோயாக இருந்தால் அவளுக்கு வந்தது வேறு என்று சொல்லாதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சத்தியமும் செய்யாதீர்கள். நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள், அதைத் தைரியமாகச் சொல்லலாம். அப்புறம் மஜ்ஜைச் சோதனையில் வந்ததை, டாக்டர் உங்களிடம் சொன்ன அதே வார்த்தைகளில் அவனிடமும் சொல்லுங்கள்.